பிளைபரா சர்ச்: கழுத்து வலிக்கும், பரவாயில்லை

அப்பா ஆறு மாத விசாவில், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் நாங்கள் இருக்கும் இப்ஸ்விச்சுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லண்டன் காட்டியாயிற்று, கேம்பிரிட்ஜ் காட்டியாயிற்று. எங்கே கூட்டிப்போனாலும் "நல்லா இருக்கு ஆத்தா" என்று ஒரே வரிதான். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். பெரிய வீடுகளில் உளுத்த உத்திரத்தை மாற்றுவது, இறங்கிப்போன கதவு நிலையைத் தூக்கி நிறுத்துவது, இதுதான் அவர் தொழில். அப்படிப்பட்டவரை லண்டன் ஐ ராட்டினத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

வேலையிடத்தில் ஒருத்திதான் சொன்னாள், உன் அப்பாவுக்கு மரம் தெரியும் என்றால் பிளைபராவுக்குக் கூட்டிப் போ என்று. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் பிளைத்பர்க் என்று படிக்கத் தோன்றும். சஃபோக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, பிளைபராதான். இப்ஸ்விச்சிலிருந்து ஏ12 சாலையில் வடக்கே ஒரு மணி நேரம். இப்போது சைஸ்வெல்லில் மூன்றாவது அணுமின் நிலையம் கட்டுகிறார்கள், அதற்குப் போகும் லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் கூடும். காலை ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சில வீடுகள், சாலையோரம் ஒரு பழைய பப், அப்புறம் பிளைத் ஆற்றின் கழிமுகம். அந்தச் சேற்றுக்கும் நாணலுக்கும் மேலே, சற்றே மேடான இடத்தில், ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் ஒரு சர்ச் நிற்கிறது. பரிசுத்த திரித்துவ ஆலயம் என்பது பெயர். 'சதுப்பு நிலத்துக் கதீட்ரல்' என்பது பட்டப்பெயர். இது பிஷப் இருக்கும் கதீட்ரல் இல்லை, சாதாரண ஊர்ச் சர்ச்தான். கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, மற்றதெல்லாம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. அப்போது இந்த ஆற்றில் கப்பல் வந்துபோனது, சந்தை இருந்தது, பக்கத்திலேயே ஒரு துறவி மடம் இருந்தது. அப்புறம் கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்துபோனது, மடத்தை எட்டாம் ஹென்றி காலத்தில் மூடினார்கள். காசு போய்விட்டது, கட்டடம் மட்டும் நிற்கிறது.

வெளிச்சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. கிடைப்பது சக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்து, கறுப்பாகப் பளபளக்கும் உட்பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, நடுவே வெளிர் கல்லில் வடிவங்கள் பதித்திருக்கிறார்கள். பீடம் இருக்கும் கிழக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் எழுத்துகள்கூட அப்படிப் பதித்ததுதான். என் மகனுக்கு ஒன்பது வயது. அந்தக் கல்லை உரசினால் தீ வருமா என்று கேட்டு, உரசியும் பார்த்துவிட்டான். வரவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது வெளிச்சம். வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டதால் இரண்டு வரிசை ஜன்னலும் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. வெள்ளைச் சுவர், செங்கல் தரை, தூண்களுக்கு நடுவே ஏகப்பட்ட காலியிடம். பெரிய சர்ச் என்றால் இருட்டும் மெழுகு வாசனையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். எனக்கு, வெள்ளையடித்துச் சாமான் இறக்காத புது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அப்பா எதையும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று தலையைத் தூக்கினார், அப்படியே நின்றார்.

கூரை முழுக்க ஓக் மரம். நம் ஓட்டு வீடு மாதிரி செங்குத்தாக ஏறும் கூரை இல்லை, கிட்டத்தட்டத் தட்டை. அகலத்துக்குக் குறுக்கே வரிசையாகப் பெரிய உத்திரங்கள். ஒவ்வொரு உத்திரத்தின் நட்ட நடுவிலும், முதுகோடு முதுகு ஒட்டியபடி, இறக்கை விரித்த தேவதூதர்கள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், ஒருவர் மேற்கே. கிழக்கு இங்கிலாந்தில் தேவதூதர் கூரை வைத்த சர்ச்சுகள் நிறைய உண்டு. பல இடங்களில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளின் முனையில் அவர்களை வைத்திருப்பார்கள். இங்கே முகட்டை ஒட்டியே பறக்கவிட்டிருக்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாய் அந்தக் காலத்துச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மங்கலாகத்தான். கைமரங்களில் பூக்கோலமும் இயேசுவின் பெயர்ச் சுருக்க எழுத்துகளும் மாறி மாறி வருகின்றன. திரும்பச் சாயம் பூசிப் புதுசாக்கவில்லை என்பதுதான் இந்தக் கூரையின் அழகே.

ஐந்து நிமிடம் கழித்து அப்பா கேட்ட முதல் கேள்வி: "இறக்கை தனியாச் செஞ்சு மாட்டினதா, ஒரே மரமா?"

எனக்கு எப்படித் தெரியும்? பூ அடுக்கிக்கொண்டிருந்த வயதான அம்மையாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பெஞ்சைக் காட்டி, படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். கோயிலில் காலை நீட்டிப் படுப்பதா என்று அப்பா தயங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பீடத்துப் பக்கம் தலை வைத்து, ஒருவழியாகப் படுத்தார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் எங்களுக்கு அவர் இல்லை.

படுத்தபடியே பேசிக்கொண்டு வந்தார். உத்திரம் நடுவில் லேசாக மேல் நோக்கி வளைந்திருக்கிறது பார், அது தொய்யாமல் இருக்கத்தான் என்றார். கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் மர நுனி, எங்கே நுழைகிறது, அதை இறுக்க முளை அடித்திருக்கிறதா, கீழேயிருந்து கண்ணுக்கு எட்டவில்லை என்று சலித்துக்கொண்டார். ஓக் மரத்தை அந்தக் காலத்தில் ஈரம் காயாமல்தான் அறுத்துக் கோத்தார்கள், காயக் காய அது சுருங்கி முளையை இறுக்கிக்கொள்ளும் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பர்மாத் தேக்கை வருஷக்கணக்கில் காயப்போட்டு எடுக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர். "பச்சை மரத்துலயா? முறுக்கிக்காதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நின்னுருக்கே" என்றார்.

கூரையில் பொடிப் பொடியாய்த் துளைகள் இருக்கின்றன. அதற்கு ஒரு கதை உண்டு. 1644 ஏப்ரலில், மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், பாராளுமன்றத் தரப்பின் ஆணையோடு வில்லியம் டௌசிங் என்பவர் சஃபோக் முழுக்கச் சர்ச் சர்ச்சாகப் போய்ப் விக்கிரக வழிபாடு என்று சொல்லிப் படங்களையும் சிலைகளையும் உடைத்துக்கொண்டு வந்தார். எங்கே எத்தனை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதினார். பிளைபராவில் இருபது தேவதூதர்களை இறக்கும்படி உத்தரவு போட்டதாக அதில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு உயரத்தில் இருப்பவர்கள் பலர் தப்பிவிட்டார்கள், ஏணி எட்டவில்லையோ என்னவோ. அவருடைய ஆட்கள் துப்பாக்கியால் சுட்ட துளைகள்தான் இவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மை இன்னும் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா என்ற குட்டிக் காக்கைகளைச் சுட ஊர்க்காரர்களே மருந்தும் ரவையும் வாங்கியிருக்கிறார்கள், சர்ச் கணக்கில் செலவு எழுதியிருக்கிறது. காக்கைக்கு வைத்த குறி தேவதூதரின் இறக்கையில் பட்டிருக்கிறது.

வடக்குக் கதவுதான் இந்த ஊரில் சுற்றுலாக்காரர்களை இழுப்பது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரத்தில் பெரும் இடி மின்னல். கோபுரத்தின் கூர்முடி கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்து ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். அன்றைக்கே பங்கி என்ற பக்கத்து ஊர் சர்ச்சிலும் இடி விழுந்தது. வந்தது இடி இல்லை, கறுப்பு நாய் உருவத்தில் சாத்தான் என்று லண்டனில் உடனே ஒரு துண்டுப்புத்தகம் அச்சானது. பிளாக் ஷக் என்ற அந்த நாய் இந்தப் பக்கத்து முனி மாதிரி, இன்றைக்கும் பப்பில் பேச்சு உண்டு. கதவில் இருக்கும் கருகல் தடங்கள் அதன் நகக்கீறல் என்கிறார்கள். மகன் கையை வைத்து அளந்து பார்த்தான். அப்பா குனிந்து பார்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மெழுகுவத்தி." மரத்தில் சுடரைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் உருண்டு, மேலே கூராக, கண்ணீர்த்துளி மாதிரிதான் கருகுமாம். தீமை அண்டாமல் இருக்கக் கதவிலும் விட்டத்திலும் அப்படி வேண்டுமென்றே சுட்டு அடையாளம் வைப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு நாயே இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது கூரையைவிட பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சின் முனையிலும் முழங்கை உயரத்தில் ஒரு சின்ன மரப் பொம்மை. ஒரு வரிசையில் தலையான பாவங்கள். நான் படித்தது கன்னியர் நடத்திய பள்ளி. மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் தோழி அகங்காரம், கோபம், காய்மகாரம், மோகம், போசனப்பிரியம், லோபித்தனம், சோம்பல் என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பாள், கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். முப்பது வருடம் கழித்து அந்தச் சொற்களை இங்கே மரத்தில் பார்த்தேன். சோம்பல் கட்டிலில் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறது. லோபித்தனம் பணப்பெட்டியின் மேல். போசனப்பிரியம் தொப்பையைக் கையில் தாங்கிக்கொண்டு இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். புறம் பேசுகிறவளுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. ஐந்நூறு வருடக் கைகள் பட்டுப் பட்டு மூக்கெல்லாம் தேய்ந்துபோய், எல்லாப் பாவங்களுக்கும் ஒரே மாதிரி சாதுவான முகம்.

முன்பக்கம் பாடகர் இருக்கைகளில் அப்போஸ்தலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதைவிட நன்றாக இருப்பது அதே பலகையில் இருக்கும் துளைகள். மைக்கூடு வைக்கப் போட்ட துளைகள் அவை. ஒரு காலத்தில் இங்கே பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த டிர்க் என்ற பையன் 1665 என்று வருஷத்தோடு தன் பெயரை அதில் வெட்டி வைத்திருக்கிறான். என் மகனுக்கு அந்தச் சர்ச்சிலேயே மிகவும் பிடித்த ஆள் அவன்தான். தாத்தாவின் பாராட்டும் அவனுக்குத்தான்: "எழுத்து நேரா வெட்டிருக்கான்யா, உளி பிடிக்கத் தெரிஞ்ச பய."

கோட்டும் தாடியுமாய் ஒரு மர மனிதனும் இருக்கிறான். 1682இல் செய்தது, கயிற்றை இழுத்தால் சின்ன மணியை அடிப்பான். வழிபாடு தொடங்கும்போது அடிப்பார்களாம். நாங்கள் போனது சனிக்கிழமை என்பதால் சும்மா நின்றிருந்தான்.

இந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது பழுதுபார்ப்பு பற்றி. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கூரை ஒழுகி ஒழுகி, மழை நாளில் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார்கள் என்பார்கள். 1881இல் ஆபத்து என்று கட்டடத்தையே மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சர்ச்சைச் சீர்செய்வது என்றால் பழையதைப் பிய்த்துவிட்டுப் பழைய பாணியில் புதிதாகச் செய்து பூட்டுவதுதான். அதை எதிர்த்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். இருப்பதைத் தாங்கு, ஒட்டு, ஒழுகாமல் பார், புதுசாக்காதே என்பது அந்தச் சங்கத்தின் கட்சி. பிளைபராவுக்காகவும் அவர்கள் மல்லுக்கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் மங்கிய சாயமும் தேய்ந்த பொம்மைகளும் மிஞ்சியதில் அந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு. காரில் வரும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். செட்டிநாட்டு வீடுகளைக் கழற்றி நிலையும் தூணும் பழஞ்சாமான் கடைக்குப் போவதைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த சனிக்கிழமை மறுபடி போவமா?" என்றார். இங்கிலாந்தில் அவர் கேட்டு நாங்கள் போன ஒரே இடம் இதுதான். அந்த வாரமே ஒரு பைனாகுலர் வாங்கினேன்.

நடைமுறை விஷயங்கள். உள்ளே போகக் காசில்லை, பெட்டியில் மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். போடுங்கள், அந்தக் கூரைக்கு எவ்வளவு போட்டாலும் தகும். ஆகஸ்டிலும் உள்ளே குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். சாப்பாடு விஷயத்தில் இந்த வட்டாரத்தை நம்பாதீர்கள். முதல் நாள் வழியில் ஒரு தேநீர்க் கடையில் (பெயர் வேண்டாம்) சூப் சொல்லிவிட்டு ஐம்பது நிமிடம் காத்திருந்தோம், வந்தது ஆறிப்போன தக்காளித் தண்ணீர். இரண்டாம் தடவை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, கழிமுகத்தைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அந்தக் கழிமுகத்தின் மேல்தான் 1944 ஆகஸ்ட் 12 அன்று வெடிமருந்து நிரப்பிய விமானம் ஒன்று நடுவானில் வெடித்தது. அதில் இறந்த இரண்டு பேரில் ஒருவர் ஜோசப் கென்னடி, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் அண்ணன். இன்றைக்கு அங்கே நாரைகளும் சேறும்தான்.

சங்கீதப் பைத்தியம் உள்ளவர்கள் ஜூன் மாதத்தில் போகலாம். ஆல்ட்பரா இசை விழாவின் கச்சேரிகள் சில இங்கே நடக்கும். 1969இல் விழாவின் முதல் நாள் இரவே ஸ்னேப் என்ற ஊரில் இருக்கும் விழா அரங்கம் தீப்பிடித்து எரிந்தபோது, விழாவைத் தொடங்கிய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மோசார்ட்டின் இசை நாடகத்தை அப்படியே பிளைபராவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, சுற்றுவட்டாரம். சர்ச் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பெட்ரோலுக்குக் கட்டாது.

முதலில் டனிச். பதினைந்து நிமிடம்தான், வழியெல்லாம் காடும் ஒற்றையடிச் சாலையும். ஒரு காலத்தில் இது கிழக்கு இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 1286இலும் 1328இலும் வந்த புயல்கள் துறைமுகத்தை அடைத்து, வீடுகளையும் சர்ச்சுகளையும் கொண்டுபோயின. பிறகும் கடல் விடவில்லை, மணல் மேட்டைத் தின்றுகொண்டே வந்தது. கடைசியாக மிஞ்சிய பழைய சர்ச் 1904இல் விழ ஆரம்பித்தது, அதன் கோபுரம் 1919இல் போனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்த அந்தச் சர்ச்சை வருஷா வருஷம் புகைப்படம் எடுத்து அஞ்சலட்டை விற்றிருக்கிறார்கள். இதில் வெட்கங்கெட்ட ஒரு கூத்தும் உண்டு. ஊர் கடலுக்குள் போன பிறகும் 1832 வரை டனிச்சுக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தார்கள். மீனுக்கு ஓட்டுரிமை கொடுத்திருப்பார்கள் போல.

இப்போது பார்க்க என்ன இருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், அதிகம் இல்லை. பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துச் சுவர் கொஞ்சம், ஒரு சின்ன மியூசியம், கூழாங்கல் கடற்கரை. மியூசியத்தைத் தவறவிடாதீர்கள், பழைய ஊரின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் கடற்கரைக்குப் போனால் வெறும் தண்ணீர், பார்த்துவிட்டுப் போனால் தெருத் தெருவாய்த் தெரியும். தண்ணீருக்கடியிலிருந்து மணிச் சத்தம் கேட்கும் என்பது உள்ளூர்க் கதை. அப்பா கேட்க முயற்சி செய்யவில்லை. "தனுஷ்கோடியிலயும் ஒரு சர்ச் நின்னுச்சு ஆத்தா, போயிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். கார் நிறுத்துமிடத்தை ஒட்டி மீன் வறுவலும் சிப்ஸும் விற்கிறார்கள், சுடச்சுட இருந்தது. வினிகர் வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்டில் போனால் டனிச் ஹீத்துக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஹெதர் புதர் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். பழைய கட்டடங்களையும் இயற்கையையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இடம், உறுப்பினர் அல்லாதவர்கள் வண்டி நிறுத்தக் கட்டணம் கட்ட வேண்டும். தெற்கே பார்த்தால் அந்த ஊதாவுக்குப் பின்னால் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டம் தெரியும். படம் எடுப்பவர்கள் எல்லாரும் அதை வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அதுவும் பிடித்திருந்தது.

அதற்கடுத்து மின்ஸ்மியர், பறவைகள் சரணாலயம். பறவைகளில் ஆர்வம் இருந்தால் இது தனியாக ஒரு நாள், இல்லையென்றால் விட்டுவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இறங்கிவிடக் கூடாதென்று இந்தக் கரையோர மேய்ச்சல் நிலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். படை வரவில்லை, பறவைகள் வந்தன. பிரிட்டனில் நூறு வருடமாகக் குஞ்சு பொரிக்காத கோணமூக்கு உள்ளான் 1947இல் இங்கே திரும்பக் கூடு கட்டியது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் சின்னமே இன்று அதுதான். குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வரும் அதே பறவை, மேல் நோக்கி வளைந்த அலகால் சேற்றை இடமும் வலமும் துழாவும். கூரைக்கென்று வாங்கிய பைனாகுலர் இங்கேயும் உதவியது. ஒரே குறை, மறைவிடக் குடிசைகளில் பேசக் கூடாது. ஒன்பது வயதுப் பையனோடு அது இருபது நிமிடத்துக்கு மேல் நடக்காது.

மகனுக்கு அந்த வாரக் கடைசியின் உச்சம் வால்பர்ஸ்விக். ஓடையின் மரப்பாலத்தில் உட்கார்ந்து, நூலில் பேக்கன் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு நண்டு பிடிப்பது. பிடித்து வாளியில் போட்டு, எண்ணிப் பார்த்து, திரும்ப விட்டுவிட வேண்டும். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்று தாத்தா கேட்டதற்குப் பேரனிடம் பதில் இல்லை. பதினோரு நண்டு.

அங்கிருந்து பிளைத் ஆற்றின் எதிர்க்கரை சவுத்வோல்டு. கல்லெறி தூரம்தான், ஆனால் காரில் போவதென்றால் பிளைபரா வரை திரும்பி வந்து சுற்ற வேண்டும், பதின்மூன்று கிலோமீட்டர் ஆகும். ஆகவே காரை அங்கேயே விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏறுங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் அந்தப் படகை ஓட்டுகிறது. குளிர்காலத்தில் கிடையாது, மற்ற நாளிலும் காற்றைப் பொறுத்தது, எனவே திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கடைசிப் படகைத் தவறவிட்டு, ஆற்றின் மேலே இருக்கும் நடைபாலம் வழியாகச் சுற்றி வந்தோம். அப்பாவின் முழங்கால் இரண்டு நாள் திட்டியது.

சவுத்வோல்டு அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஊருக்கு நடுவே, வீடுகளுக்கு மத்தியில் 1890இல் ஏற்றிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், வண்ண வண்ணக் கடற்கரைக் குடிசைகள், பீர் காய்ச்சும் வாசனை. ஆனால் கூட்டம், விலை, வண்டி நிறுத்தத் திண்டாட்டம். கடலுக்குள் நீளும் பாலத்தில் டிம் ஹன்கின் என்ற இயந்திரக் கலைஞர் செய்து வைத்திருக்கும் கோமாளித்தனமான இயந்திரங்களுக்கு மட்டும் சில்லறை எடுத்துப்போங்கள். அங்கே அப்பா வாய்விட்டுச் சிரித்தார், அதுவே லாபம்.

கடைசியாக, நேரமிருந்தால் கோவ்ஹைத். சவுத்வோல்டுக்கு வடக்கே. மாபெரும் சர்ச் ஒன்றின் சுவர்கள் கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்க, அதன் வயிற்றுக்குள் 1672இல் கட்டிய குட்டிச் சர்ச் கூரை வேய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பெரியதைப் பராமரிக்க ஊரில் காசில்லை, அதன் கல்லை எடுத்தே சின்னதைக் கட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து கடலுக்குப் போன தார்ச் சாலை மேட்டு விளிம்பில் பாதியில் முறிந்து நிற்கிறது. விளிம்புக்குப் போகாதீர்கள், அது வருஷத்துக்குப் பல மீட்டர் சரியும் மேடு.

மதிப்பெண் கேட்டால் பிளைபரா சர்ச்சுக்கு ஐந்துக்கு ஐந்து, டனிச்சுக்கு மூன்றரை, வால்பர்ஸ்விக்குக்கு நான்கு, சவுத்வோல்டுக்கு மூன்று. மின்ஸ்மியருக்குப் பிள்ளையில்லாமல் போய்விட்டு வந்து போடுகிறேன்.

அப்பா அக்டோபரில் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியிலிருந்து பைனாகுலரை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ஊரில் மயில் பார்க்க உதவுமே, கொண்டுபோங்கள் என்றேன். "மயிலு கிட்டக்கவே வரும். யாரையாச்சும் அங்க கூட்டிட்டுப் போறப்ப இதைக் குடு. மூணாவது உத்திரத்துல, தென்பக்கம், ஒட்டு போட்டுருக்கான் பாரு. அதைப் பாக்கச் சொல்லு." இரண்டு பேரைக் கூட்டிப்போய்விட்டேன். எங்களில் யாருக்கும் இன்னும் அந்த ஒட்டு தெரியவில்லை.